அறிக்கையின் முதல் வரி

நிலத்தடி நீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வந்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பயிற்சி வகுப்பு மூன்றாவது மாடியில் நடக்கிறதாம். என் முழங்கால் இரண்டும் முதல் மாடிக்கே மறுக்கின்றன. அதனால் எழுதித் தருகிறேன். நீங்கள் படிக்காவிட்டாலும் வருத்தமில்லை. எனக்கு முன்னால் ஓய்வுபெற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை நானும் படித்ததில்லை.

இந்த வேலை உற்சாகம் தரும் வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பணியில் இருந்த காலம் முழுக்கக் கோயமுத்தூர் மாவட்டத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தேன். மாதம் ஒரு முறை, அதே கிணறுகள், அதே இரும்பு நாடா. மட்டம் ஏறியிருக்கிறது என்று எழுதிய மாதங்கள் கொஞ்சம்தான். மருத்துவராக இருந்தால் காய்ச்சலை அளந்த பிறகு ஒரு மாத்திரையாவது எழுதித் தரலாம். நாம் அளப்போம், எழுதுவோம், கோப்பில் வைப்போம், அடுத்த கிணற்றுக்குப் போவோம்.

கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மழை, மழையிலிருந்து ஆறு, மறுபடி கடல் என்று அம்புக்குறி போட்ட படத்தை எல்லோரும் பள்ளியில் வரைந்திருப்போம். நம் பக்கத்தில் அந்தச் சுற்று எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆடிக் காற்றில் வரும் மழையை மேற்கு மலையே வாங்கிக்கொள்கிறது. ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும் மழைதான் நமக்கு. அதிலும் பெரும்பகுதி வெயிலோடு போய்விடும். மண்ணைத் தாண்டிப் பாறை வெடிப்புக்குள் இறங்குவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை ஒரு ஊர் முழுக்கப் பங்குபோட்டுக்கொள்கிறது. யாருக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம். நான் ஒரு முறை அதைச் சொன்னேன். சொன்ன விதத்தால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐப்பசி மழை அடுத்தடுத்து ஏமாற்றிய சமயம். கருமத்தம்பட்டியிலிருந்து வடக்கே பிரியும் ரோட்டில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். ஊருக்குக் கிழக்கே காலனி, அறுபது வீடுகள் இருக்கும். காலனிக்குத் தண்ணீர் என்றால் ரங்கசாமி என்பவரின் தோட்டத்துக் கிணறுதான்.

ரங்கசாமிக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். வாழையும் மஞ்சளும் போட்டிருந்தார். காலையில் கரண்ட் வந்து மோட்டார் ஓடும் நேரம் பார்த்துக் காலனிப் பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். குழாய்த் தண்ணீர் விழும் தொட்டியில் குடத்தை வைக்கக் கூடாது. தொட்டியைத் தாண்டி வாய்க்காலில் ஓடும் தண்ணீரைத்தான் மொள்ள வேண்டும். அப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரும் மீறியதும் இல்லை. கரண்ட் வராத நாளில் தண்ணீரும் இல்லை.

காலனிக்கென்று தனியாக ஒரு போர்க் கிணறு வேண்டும் என்று மனு எழுதியவர் மரியபுஷ்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். ரங்கசாமியின் தோட்டத்திலேயே களையெடுக்கும் வேலை. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், கையெழுத்து அழகாக இருக்கும். நான் இடம் பார்க்கப் போன அன்று, தரையில் கம்பிகளை ஊன்றி, மின்தடை அளக்கும் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க மேடம், அந்தப் பொட்டிக்குள்ள தண்ணி தெரியுமுங்களா?"

"தண்ணி தெரியாதுங்க. அடியில பாறை எங்க ஒடைஞ்சிருக்குன்னு ஒரு மாதிரி யூகிக்கலாம். ஒடைஞ்ச எடத்துல தண்ணி நிக்கும்."

"யூகந்தானுங்களா?" அவர் முகம் சுருங்கியது. "மனு எழுதுனது நானுங்க. தண்ணி வராட்டி எங்க சனம் என்னையத்தான் பேசும். பாத்துச் செய்யுங்க."

பார்த்துத்தான் செய்தேன். இரண்டு நாள் அளந்ததில் காலனிக்கு மேற்கே புறம்போக்கு நிலத்தில் பாறை உடைந்திருப்பது தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு இடத்திலும் அதே உடைவு. இரண்டையும் வரைபடத்தில் பென்சிலால் சேர்த்தேன். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு கோடு. புறம்போக்கு எல்லை வரை வரைந்து நிறுத்திவிட்டேன். ஸ்கேலை இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் அந்தக் கோடு நேராக ரங்கசாமியின் கிணற்றுக்கு அடியில் போயிருக்கும்.

நகர்த்தவில்லை. படிவத்தில் பக்கத்துக் கிணறு எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம் உண்டு. தூரத்தை எழுதினேன். விதிப்படி இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே இருந்தது. அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கோட்டை நீட்டினால் என்ன வரும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அறுபது வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருக்கும் ஒரே நல்ல இடத்தை நானே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

போர் போட்ட அன்று ரங்கசாமியும் வந்தார். வெள்ளைப் பாறைத்தூள் புகை மாதிரி பறந்து பறந்து, திடீரென்று ஈரமாகி, பிறகு பால் நிறத்தில் தண்ணீர் பீறிட்டது. மரியபுஷ்பம் ஓடிப்போய் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். வாயெல்லாம் கல்தூள். துப்பிவிட்டுச் சிரித்தார். ரங்கசாமி தான் கொண்டுவந்த தேங்காயை அந்த இரும்புக் குழாயின் விளிம்பிலேயே உடைத்தார்.

"இனி இந்தப் புள்ளைங்க என்ற மோட்டாருக்குக் காத்துக்கெடக்க வேண்டியதில்லீங்க அம்மணி. எனக்கும் ஒரு பாரம் கொறஞ்சுது" என்றார்.

மோட்டார் வைத்து, தொட்டி கட்டி, நான்கு குழாய் போட்டார்கள். ஜீப்பில் திரும்பும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த கோடையில் ரங்கசாமி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"கெணறு உக்காந்துபோச்சுங்க அம்மணி. எங்கப்பன் காலத்துல இருந்து வத்தாத கெணறுங்க. இப்ப ஒரு மணி நேரம் ஓட்டுனா மோட்டாரு காத்த இழுக்குது. வாழ தாரு தள்ளி நிக்குதுங்க. இன்னம் ரெண்டு மாசம் தண்ணி காட்டோணும்."

"மழை இல்லீங்களேய்யா. எல்லாக் கிணறும் எறங்கித்தான் கெடக்குது."

"அது தெரியுதுங்க. ஆனா அந்த போரு ஓடறப்ப ஒரு மாதிரியும், ஓடாதப்ப ஒரு மாதிரியும் இருக்குதுங்க. உங்க மேல குத்தஞ் சொல்ல வரலீங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

நான் எழுந்து போய் நீர்மட்ட வரைபடத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். சுற்று வட்டாரக் கிணறுகள் எல்லாம் இறங்கிக்கொண்டே வரும் கோடுகள். அவருக்குக் கண்ணில் புரை. கோட்டைப் பார்த்தாரோ என்னவோ, தலையாட்டினார். "சரிங்க, படிச்சவிங்க சொல்றீங்க" என்று எழுந்து போய்விட்டார்.

நான் காட்டிய வரைபடத்தில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைக் கதவைச் சாத்துவதற்காகத்தான் விரித்தேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் ஜீப் இருந்தது, டீசல் இருந்தது, எனக்கு வேறு அவசர வேலையும் இல்லை. ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து "ஒருக்கா வந்து பாருங்க" என்று கேட்டால் போய்ப் பார்த்துவிடுங்கள். அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை.

பத்து நாளில் விஷயம் கைமீறியது. ரங்கசாமியின் அண்ணன் மகனும் இன்னும் சிலரும் போய்க் காலனி மோட்டார் அறையில் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் காலனிப் பெண்கள் காலிக்குடங்களோடு வந்து அவிநாசி ரோட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் பஸ், லாரி எல்லாம் நின்றுவிட்டன. தாசில்தார், போலீஸ் எல்லாரும் வந்து பேசி, ஃபியூஸைத் திரும்ப வாங்கிக் கொடுத்து, கூட்டத்தைக் கலைத்தார்கள். மத்தியானம் எனக்கு போன் வந்தது.

தாசில்தார் குரல் களைத்துப்போயிருந்தது. "மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த போரால இந்தக் கெணறு வத்துதா, இல்லையா? நாளைக்கு எழுதிக் குடுங்க."

"நாளைக்கு முடியாது சார். நாலு நாள் குடுங்க, அளந்து சொல்றேன்."

"நாலு நாள் அவங்களை நான் எப்படிப் பிடிச்சு வைக்கிறது?"

"அளக்கறதை அவங்க ரெண்டு பேர் முன்னாடியே அளக்கறேன். அந்த நாலு நாளும் சும்மா இருப்பாங்க."

அந்த யோசனை என்னுடையதுதான். அன்றைக்கு அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஏற்பாடு இதுதான். முதல் நாள் இரண்டு மோட்டாரும் ஓடக் கூடாது. இரண்டாம் நாள் காலனி போர் மட்டும் ஓடும், ரங்கசாமியின் கிணற்றில் மட்டம் அளப்போம். மூன்றாம் நாள் ஒன்றும் ஓடாது. நான்காம் நாள் ரங்கசாமியின் மோட்டார் மட்டும் ஓடும், போரில் அளப்போம். நாடாவை நான் இறக்குவேன். இரண்டு தரப்பிலிருந்தும் ஒருவர் பக்கத்தில் இருந்து, நான் படிக்கும் எண்ணைச் சரிபார்த்து நோட்டில் எழுத வேண்டும். தோட்டத்துத் தரப்பில் ரங்கசாமியே வந்தார். காலனித் தரப்பில் மரியபுஷ்பம். ரங்கசாமிக்குக் கண் தெரியாது என்பதால் எழுதும் வேலை மரியபுஷ்பத்துக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலை கிணற்று மேட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பதினெட்டு வருடமாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்தும் மரியபுஷ்பம் கிணற்றுச் சுவருக்கு அருகில் வந்து நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். முதல் நாள் முழுக்க ஓய்வு கொடுத்ததில் கிணற்றில் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. போரை ஓட்டச் சொன்னேன். தூரத்தில் காலனித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அரை மணிக்கு ஒரு தரம் நாடாவின் நுனியில் சாக்பீஸ் தடவி இறக்குவேன். எடுத்து, நனைந்த கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். மரியபுஷ்பம் தானும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு எழுதுவார். முதலில் மட்டம் இன்னும் ஏறியது. பிறகு ஏறுவது மெதுவானது. உச்சிவெயில் நேரத்தில் நின்றுவிட்டது. அதற்கடுத்த தடவை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

நான் எண்ணைச் சொன்னேன். மரியபுஷ்பம் எழுதவில்லை. பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது.

"மேடம்." குரல் தாழ்ந்திருந்தது. "இத எழுதோணுங்களா?"

ரங்கசாமி வேப்பமரத்து நிழலில் கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன். திரும்பவில்லை.

"எழுதுங்க" என்றேன்.

எழுதினார். பொழுது சாயும் வரை ஒவ்வொரு எண்ணையும் எழுதினார். மட்டம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. ரங்கசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாஞ் சொன்னது நெசந்தானுங்களே" என்றார். ஜெயித்தவரின் குரலாக இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் மரியபுஷ்பம் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் ரங்கசாமியின் மோட்டாரை ஓட்டிவிட்டுப் போரில் அளந்தோம். அங்கே மட்டம் கடகடவென்று இறங்கியது. போர் கிணற்றை இழுத்ததைவிடக் கிணறு போரை இழுத்தது அதிகம். இரண்டும் ஒரே வெடிப்பில் தண்ணீர் குடிக்கின்றன. மழை பெய்து அந்த வெடிப்பு நிறைந்திருந்தால் இரண்டுக்கும் போதும். அந்த வருடம் போதவில்லை. அவ்வளவுதான் உண்மை.

அன்று இரவே அறிக்கை எழுதினேன். ஆறு பக்கம். சோதனை நடந்த வரிசையிலேயே எழுதினேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போர் ஓடும்போது கிணற்றின் மட்டம் இறங்குகிறது என்பது முதல் வரி. கிணறு ஓடும்போது போர் இன்னும் அதிகமாக இறங்குகிறது என்பது நான்காம் பக்கம். குடிநீருக்கு முதலிடம், போரைக் காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் ஓட்டலாம், தோட்டத்து மோட்டாரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டலாம் என்ற பரிந்துரை ஆறாம் பக்கத்தின் கடைசிப் பத்தி.

காலையில் என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். ஓய்வுபெற இன்னும் சில மாதமே இருந்த மனிதர். ஆறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா தாசில்தார் இதை எப்படிப் படிப்பாருன்னு யோசிச்சீங்களா?"

"எல்லாத்தையும் எழுதியிருக்கேன் சார்."

"எழுதியிருக்கீங்க" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். என்னவென்று கேட்டிருக்கலாம். நாலு நாள் வெயிலில் நின்ற அலுப்பு, அறிக்கையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

தாசில்தார் முதல் பக்கத்தைப் படித்தார். முதல் வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். மறு உத்தரவு வரும்வரை ஆழ்துளைக் கிணற்றை இயக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மோட்டார் அறைக்குப் பூட்டு விழுந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வறட்சிக் காலம், அவர் மேஜையில் அந்த மாதிரிப் பிரச்சினை இருபது இருந்தது. ஒரு கேள்வி கேட்டார், முதல் வரியில் பதில் கிடைத்தது, மூடிவிட்டார்.

காலனிக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை லாரித் தண்ணீர் என்று ஏற்பாடானது. சில வாரம் கழித்து, நீர்மட்டம் அளக்க அந்தப் பக்கம் போனபோது காலனிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று ஜீப்பிலேயே இரண்டு தடவை யோசித்தேன்.

மரியபுஷ்பம் வீட்டு வாசலில் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே போனார்கள். அவர்கள் போனது என்னைப் பார்த்துத்தான் என்று முதலில் நினைத்தேன்.

"யாரும் எங்கூடப் பேசறதில்லீங்க மேடம்" என்றார். "எழுதுனது நாந்தானுங்களே. என்ற கையெழுத்தத் தாசில்தார் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துருக்காங்க. 'மனு எழுதி போர வாங்குனவளே கணக்கெழுதிப் பூட்டையும் போட்டுப்போட்டா'ன்னு பேசறாங்க. லாரி வந்தா என்ற கொடம் கடைசிங்க."

"அவங்ககிட்ட நான் பேசட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நீங்க பேசுனா இன்னம் மோசமாயிரும்." கவிழ்த்த குடம் ஒன்றைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். "நீங்க எழுதச் சொன்னது தப்புன்னு நாஞ் சொல்ல மாட்டனுங்க. ஆனா அத நீங்களே எழுதியிருக்கலாமுங்களே."

இந்த வேலையில் என்னைப் பலர் திட்டியிருக்கிறார்கள். போர் பொய்த்த ஊரில் ஜீப்பை மறித்திருக்கிறார்கள். அவையெல்லாம் மறந்துவிட்டன. மரியபுஷ்பம் திட்டாமல் சொன்ன இந்த ஒரு வார்த்தை மறக்கவில்லை. எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று நினைத்து, என் தோளில் இருக்க வேண்டிய பாரத்தை ஒரு கூலிக்காரப் பெண்ணின் கையில் பென்சிலாகக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அரசாங்க முத்திரை இருந்தது, இடமாற்றம் இருந்தது, போய் உட்கார வேறு ஊர் இருந்தது. அவருக்கு அந்த அறுபது வீடுதான்.

அங்கிருந்து நேராக ரங்கசாமியின் வீட்டுக்குப் போனேன். உத்தரவை மாற்ற வேண்டும் என்றால் மறு விசாரணை கேட்க வேண்டும். ரங்கசாமி எதிர்த்தால் அது மாதக்கணக்கில் இழுக்கும். கிணற்றில் மட்டம் கொஞ்சம் ஏறியிருந்தது, வாழை பிழைத்துவிட்டது. அவர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய அண்ணன் மகன் கதவருகில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான்காம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் ரங்கசாமிக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மோட்டார்தான் அதிகமாக இழுக்கிறது என்பதையும் சொன்னேன்.

"பாத்தீங்களா, இப்ப நம்ம மேலயே திருப்பறாங்க" என்றான் அண்ணன் மகன்.

ரங்கசாமி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் புள்ள அன்னைக்கி உங்ககிட்டக் கேட்டது என்ற காதுல உழுந்துதுங்க. 'இத எழுதோணுமா'ன்னு. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு அதுக்குத் தெரியும். நீங்க நாடாவத் தொடச்சு மறுக்கா சாக்பீஸ் தடவிப்போட்டா என்ன எழுதுச்சுன்னு நான் எங்க பாக்கறது? ஒரு எண்ண மாத்திப் போட்டிருந்தா தண்ணி அதுங்களுக்கு. மாத்தலீங்க. எனக்குச் சாதகமாத்தான் எழுதுச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது எழுதுனத நம்பித்தான என்ற வாழ பொழச்சுது. இப்ப நீங்க வாசிக்கறதும் அது எழுதுனதுதானுங்களே? அப்ப இதையும் நம்போணுமல்லங்க."

"சித்தப்பா..."

"நீ சும்மா இரு. எங்க கையெழுத்துப் போடோணுங்க?"

இரண்டாவது அறிக்கை ஒரே பக்கம் எழுதினேன். 'குடிநீர்ப் போரை நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இயக்கலாம்' என்பது முதல் வரி. விசாரணை அன்று காகிதத்தை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் உட்காராமல் நானும் போனேன். ரங்கசாமியும் வந்திருந்தார். மரியபுஷ்பத்தையும் அழைத்திருந்தேன். கதவோரம் நின்றார். ரங்கசாமி தாசில்தாரிடம், "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. அந்தப் புள்ள எழுதுனது அத்தனையும் சரி" என்றார். சத்தமாகச் சொன்னார், காலனியிலிருந்து வந்திருந்த ஆட்களுக்கும் கேட்கும்படி. அன்றைக்கே பூட்டு திறந்தது.

காலனிக்காரர்கள் மரியபுஷ்பத்தோடு உடனே பேசிவிடவில்லை. அதற்கு ஒரு வருடம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். ரங்கசாமி அடுத்த வருடம் வாழை வைக்கவில்லை, சோளம் விதைத்தார். ஒரு ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. வெடிப்பு நிறைந்தது, ஓட்டும் நேரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த நிறைவைப் பார்த்துச் சுற்றிலும் ஐந்தாறு புதிய போர் போட்டார்கள். அவற்றுக்கெல்லாம் யாரும் நம்மிடம் இடம் கேட்கவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் கிணறும் வற்றியது, போரும் வற்றியது. மாதாந்திரப் பதிவேட்டில் அந்தக் கிணற்றுக்கு நேராக 'வறண்டது' என்று எழுதியதும் நான்தான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். படிப்பவர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார் என்று வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதுங்கள். கஷ்டமான எண்ணை உங்கள் கையாலேயே எழுதுங்கள். இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலும் கிணறு வற்றலாம். அது வேறு கணக்கு.

கிணறு வற்றிய பிறகு ஒரு நாள், கருமத்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மரியபுஷ்பத்தைப் பார்த்தேன். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"பவானித் தண்ணி வருதுங்க மேடம். மேட்டுப்பாளையத்துப் பக்கம் ஆத்துல இருந்து எடுத்துக் கொழாயில உடறாங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா. நல்ல தண்ணிங்க, பருப்பு சீக்கிரம் வேகுது."

"பரவாயில்லையே" என்றேன்.

என் பஸ் வந்தது. நான் ஏறப்போனபோது அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கோணுமுன்னு இருந்தனுங்க. இவ்வளவு தண்ணிய அங்கிருந்து எடுக்கறாங்களே, அங்க யாரு கெணறு எறங்குதுன்னு ஆராச்சும் அளக்கறாங்களா?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். தெரியவில்லை என்று சொல்லக்கூட நேரமில்லாமல் ஏறிவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். அது நம் பிரிவின் வேலை இல்லை என்றார்கள்.